ஜீன் மில்லிகன் டீச்சர் நினைவாக

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை ஸ்காட்லாந்து நடனப் பயிற்சியை ஜீன் மில்லிகன் (1886–1978) அவர்களுக்குச் சமர்ப்பிக்கிறோம். கிளாஸ்கோவில் உடற்கல்வி ஆசிரியைகளை உருவாக்கியவர். ஸ்காட்லாந்தின் பழைய குழு நடனங்களை மக்கள் மறந்துகொண்டிருந்த காலத்தில், இசோபெல் ஸ்டூவர்ட்டுடன் சேர்ந்து 1923இல் அதற்கென்றே சங்கம் தொடங்கினார். செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அந்தச் சங்கம் நடத்திய கோடைப் பள்ளியில் பல்லாண்டு கற்றுக்கொடுத்தார். அவர் இல்லையென்றால் இன்று நமக்கு ஆட இவ்வளவு மிஞ்சியிருக்காது என்றே நினைக்கிறேன்.

முதலில் ஸ்ட்ராத்ஸ்பே என்னும் மெதுவான ஸ்காட்லாந்து நடனம். மெதுவான ஆட்டம்தானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம், அதுதான் கஷ்டம்! குதிகால் தரையில் படாமல், முன்பாதம் ஊன்றி, முழங்கால் வெளிப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். வட்டத்தில் கைகோக்கும்போது கை தோள் உயரத்தில் இருக்கட்டும். மெல்லிய தோல் காலணியை மறக்காமல் எடுத்து வாருங்கள்.