அடுத்த மாடல் வரும்வரை காத்திருக்கலாமா? செல்வத்துக்கு ஒரு கடிதம்

ஹட்டன்
மார்ச் 2026

அன்பின் செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பேராதனை கம்பஸ் கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "அப்ப அண்ணன் இனி லீவு நாளெல்லாம் றம்பொடை ரோட்டிலதான்" என்று சுமதி சிரிக்கிறாள். அம்மாவுக்கு வழக்கமான முழங்கால் வலிதான், வேறொன்றுமில்லை. புயலில் சரிந்த பின்பக்க மதிலை ஒருவழியாகக் கட்டி முடித்துவிட்டோம். இந்த முறை தண்ணீர் வழிய மூன்று குழாய் வைத்திருக்கிறேன்.

சரி, மின்சாரக் காரை இப்போதே எடுப்பதா, அடுத்த மாடலுக்குக் காத்திருப்பதா என்று கேட்டாயே, அந்தக் கதைக்கு வருகிறேன். கொழும்பில் உன்னோடு பேசிய விற்பனைக்காரப் பையன் "அடுத்த வருஷ மாடலில் எல்லாம் மாறுது சேர், இப்ப இருக்கிறதை எடுத்தா நல்லா குறைச்சுத் தாறோம்" என்று சொன்னானாம். எல்லாம் மாறுகிறது என்றால் என்ன மாறுகிறது என்று நீ கேட்டிருக்க வேண்டாமா மச்சான்? அவன் சொல்லாவிட்டால் போகிறது. இந்தப் பழைய நிசான் லீஃப் மின்சாரக் காரை வைத்துக்கொண்டு இத்தனை காலம் மலை ஏறி இறங்கியவன் என்ற உரிமையில் நான் சொல்கிறேன்.

முதலில் கிலோமீட்டர் கணக்கை நம்பி மயங்காதே. நிசானின் புது லீஃபையே எடுத்துக்கொள். மூன்றாவது தலைமுறை வண்டி, பெரிய பெட்டரி. அமெரிக்கக் கணக்கில் ஒருதடவை ஏற்றினால் 488 கிலோமீட்டர். ஐரோப்பாவில் 600க்கு மேல். ஜப்பானில் 702. வண்டி ஒன்றுதான், அளக்கிற முறைதான் நாட்டுக்கு நாடு வேறு. இதில் எந்த நாட்டுக்காரனும் நீ பேராதனையிலிருந்து வீடு திரும்பும் பாதையில் கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறிப் பார்த்து அளக்கவில்லை. நம் பௌதிக வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போட்ட எம் ஜி எச், ஒரு பாரத்தை உயரத்துக்குத் தூக்க எவ்வளவு சக்தி வேண்டும் என்ற கணக்கு, ஞாபகம் இருக்கிறதா? ஆட்களோடு சேர்த்து 1,700 கிலோ என்று வை. கம்பளையிலிருந்து நுவரெலியா கிட்டத்தட்ட 1,400 மீட்டர் உயரம். அதைத் தூக்கி வைக்க மட்டும் ஆறரை யூனிட் கரண்ட் வேண்டும், ரோடும் காற்றும் தின்பது வேறு. ஐம்பது யூனிட் பெட்டரிக்கு அது பெரிய விஷயமே இல்லை. திரும்ப இறங்கும்போது அதில் ஒரு பங்கு கையில் வந்துவிடும். ஆகவே பேராதனைக்குப் போய்வர இன்றைக்குக் கடையில் நிற்கிற வண்டியே போதும். இன்னும் பெரிய பெட்டரி வரட்டும் என்று காத்திருக்காதே. சொலிட் ஸ்டேட் என்று புதுவகைப் பெட்டரி வருகிறது என்று சொல்வார்கள். அதை நம்பி உட்கார்ந்தால் மகள் பட்டம் வாங்கிக்கொண்டு பஸ்ஸிலேயே வீட்டுக்கு வந்துவிடுவாள்.

ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நமக்கு முக்கியம் இறங்குவது. உன் வீடு அப்புத்தளை உச்சியில். இரவு முழுக்க ஏற்றி, காலையில் நூறு வீதத்தோடு வெளியே எடுத்து, அப்படியே பெரகல வழியாக வெள்ளவாயவுக்கு இறங்கினால் என்ன ஆகும்? பெட்டரியில் இடமே இல்லை. அக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் மோட்டார் வண்டியைப் பிடிக்காது. உன் வான் வண்டியை செகண்ட் கியரில் போட்டு இறக்குவோமே, அந்தப் பிடிப்பு இல்லாமல் வெறும் ப்ரேக்கிலேயே இறங்க வேண்டியிருக்கும். பிடிபிடியென்று பிடித்தால் ப்ரேக் சூடேறி மணக்கும். அமெரிக்காவில் 2017இல் வந்த செவ்ரோலே போல்ட்டில் மலை உச்சியில் வீடுள்ளவர்களுக்கென்றே ஒரு செட்டிங் வைத்திருந்தார்கள், முழுதாக ஏற்றாமல் கொஞ்சம் இடம் விட்டு நிறுத்திக்கொள்ளும். 2019 மாடலில் அதை எடுத்துவிட்டு, எத்தனை வீதத்தில் நிறுத்த வேண்டும் என்று நாமே போட்டுக்கொள்ள விட்டார்கள். மாடல் மாற்றம் என்றால் எனக்கு இதுதான் மாற்றம். நீ பார்க்கிற வண்டியில் அப்படி வரம்பு போட முடியுமா என்று முதலில் கேள். எண்பத்தைந்தில் நிறுத்து. எல்எஃப்பி (லிதியம் இரும்பு பொஸ்பேட்) வகைப் பெட்டரியென்றால் அவ்வப்போது நூறுக்கு ஏற்றச் சொல்வார்கள். காலையில் எடுத்ததும் இறக்கத்தில் இறங்க வேண்டியில்லாத நாளுக்கு முந்தின இரவாகப் பார்த்து அதைச் செய்.

அடுத்தது, ஒரே பெடலில் ஓட்டுவது. இதில்தான் உண்மையாகவே மாற்றம் வருகிறது. நிசான் 2017இல் கொண்டுவந்த இ-பெடலில் அக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி முற்றாக நின்றுவிடும். பிறகு வந்த அவர்களின் அரியா மாடலில் அது மெதுவாகும், ஆனால் நிற்காது. இப்போது சீனாவிலும் இந்த ஜனவரியிலிருந்து புதுத் தரநிலை: வண்டியை ஸ்டார்ட் பண்ணியதும் இருக்கிற சாதாரண நிலையில், காலை எடுத்ததால் மட்டும் வண்டி நிற்கக்கூடாது, நிறுத்த ப்ரேக்கை மிதிக்க வேண்டும். நமக்கு வருகிற மின்சார வண்டிகளில் நிறைய அங்கிருந்துதானே. ஏற்றுமதி வண்டிக்கு அந்தச் சட்டம் கட்டாயமில்லை என்றாலும், ஒரே லைனில் இரண்டு விதமாகச் செய்து அனுப்ப அவர்கள் மெனக்கெடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது. றம்பொடைப் பெண்டில் எதிரே பஸ் வந்து முகத்தைக் காட்டும்போது கால் தானாகப் ப்ரேக்குக்குப் போக வேண்டும். அந்தப் பழக்கம் விட்டுப்போனவன் வேறொருத்தன் வானை வாங்கி ஓட்டினால் ஆபத்து. ஆனால் ஏற்றத்தில் நிற்கும்போது வண்டி பின்னால் உருளாமல் பிடித்து வைக்கும் ஓட்டோ ஹோல்ட் கட்டாயம் இருக்க வேண்டும். ஓட்டிப் பார்க்கக் கொடுத்தால் கொழும்பின் காலி வீதித் தட்டையில் ஓட்டிவிட்டு வந்துவிடாதே, எங்காவது ஒரு ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பார்.

பொத்தான்களும் திரும்பி வருகின்றன. ஐரோப்பாவின் யூரோ என்கேப் கார் பாதுகாப்புச் சோதனையில் இந்த வருடத்திலிருந்து சிக்னல், ஹசார்ட், ஹோர்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையால் தொட்டுணரும் பொத்தான் இல்லாவிட்டால் ஐந்து நட்சத்திரம் கிடைப்பது கஷ்டம். அப்புத்தளை மூடுபனியில் வைப்பரைத் திரையில் தேடிக்கொண்டிருக்க முடியுமா? ஆனால் கண்ணாடியில் படிகிற ஈரத்தைப் போக்கும் பொத்தான் அந்தப் பட்டியலில் இல்லை. நமக்கு அதுதான் வருடம் முழுக்க வேலை. காரில் ஏறி உட்கார்ந்ததும் அது எங்கே இருக்கிறது என்று பார், திரைக்குள் மூன்று தட்டல் தாண்டி ஒளிந்திருந்தால் அந்த வண்டி வேண்டாம். கதவோடு கதவாகப் பதுங்கிக் கிடக்கும் கைப்பிடிகளையும் சீனா 2027 ஜனவரியிலிருந்து ஒழிக்கிறது. கரண்ட் போனாலும் உள்ளிருந்தும் வெளியிருந்தும் கையால் திறக்க முடிய வேண்டுமாம். அடுத்த மாடலில் இதை நீ எதிர்பார்க்கலாம்.

புயல் நேரத்தில் இங்கே கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது என் லீஃபின் பன்னிரண்டு வோல்ட் சொக்கட்தான் எங்கள் லைன் வீடுகளுக்கெல்லாம் போன் சார்ஜர். டாஷ்போர்டில் துண்டு விரித்து ஒவ்வொருவர் போனாக வரிசையாக வைத்திருந்தோம். எந்தப் போன் யாருடையது என்று பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைதான் கொப்பியில் எழுதி வைத்தாள். பெட்டரி நிறைய கரண்ட் இருந்தும் ஒரு ரைஸ் குக்கர் போட முடியவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். இப்போது வருகிறவற்றில் காரிலிருந்தே வீட்டுச் சாமான் ஓட்டும் வசதி உண்டு. மூன்று கிலோவாட் அளவு தந்தாலே ஃப்ரிட்ஜ், லைட், குக்கர் எல்லாம் மாற்றி மாற்றி ஓடும். அதற்கான அடப்டர் வண்டியோடு வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று கேட்டுவிடு. பாணந்துறை மின் விநியோக நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதற்கே 2025இல் தீவு முழுக்க இருண்டு போன நாடு இது.

வீட்டு இணைப்பு 30 ஆம்பியர்தானே உனக்கும்? ஏழு கிலோவாட் சார்ஜர் இலவசம் என்றால் தலையாட்டாதே, அது மட்டுமே 32 ஆம்பியர் இழுக்கும். பதினாறில் வைத்து இரவில் ஏற்று, எட்டு மணித்தியாலத்தில் முப்பது யூனிட் அளவு வந்துவிடும். தண்ணீர் ஹீட்டரை மட்டும் அந்த நேரம் போடாமல் பார்த்துக்கொள்.

வரி விஷயம் உனக்கே தெரியும். எக்ஸைஸ் வரி மோட்டாரின் கிலோவாட்டையும் வண்டியின் வயதையும் பார்த்துத்தான் வருகிறது. அடுத்த மாடலில் மோட்டார் பலம் கூடுகிறது என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அது நம் சட்டைப் பைக்குக் கெட்ட செய்தி. ஊசி வளைவில் நூறு கிலோவாட்டே தாராளம்.

ஆகவே என் அபிப்பிராயம்: அவன் குறைத்துத் தருகிறேன் என்கிற வண்டியில் சார்ஜ் வரம்பு, ஓட்டோ ஹோல்ட், கையால் திறக்கும் கதவு, வெளியே கரண்ட் எடுக்கும் வசதி நான்கும் இருந்தால் லீசிங்குக்குக் கையெழுத்துப் போடு. கதவும் கரண்டும் இல்லையென்றால் காத்திரு. வரம்பு போட முடியாத வண்டியென்றால் சும்மா கொடுத்தாலும் அப்புத்தளைக்கு வேண்டாம். ஜப்பானிலிருந்து புது லீஃப் இறக்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால், அதன் வேக சார்ஜ் வாய் சாடெமோ என்ற வகை. சீன வண்டிகளுக்குப் பெரும்பாலும் சிசிஎஸ் என்ற வேறு வகை. உன் பாதையில் எந்த இடத்தில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு பேசு.

அவன் தந்த தாளின் படத்தை, மோட்டார் கிலோவாட் தெரியும்படி எடுத்து அனுப்பு. சித்திரைக்கு நாங்கள் பண்டாரவளைக்கு வருகிறோம். வானை அதற்குள் விற்றுவிடாதே, அம்மாவை அதில்தான் ஏற்ற முடியும்.

அன்புடன்,
உன் ராஜு