குற்றம் இலையின் மேல் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர் தேநீரைத் தலைமுழுகிவிட்டதாக எழுதியிருந்தார். விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒன்று, பத்து மணிக்கு அலுவலக வாசலில் ஒன்று, மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒன்று என்று குடித்து நெஞ்செரிச்சலும் தூக்கக்கேடும் வந்து, இப்போது விட்டுவிட்டாராம். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததை அவர் விட்டது சரி. ஆனால் தேயிலையே கேடு, எல்லோரும் விட்டொழிக்க வேண்டும் என்று அவர் முடித்திருந்தது என்னை இரண்டு நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலைகளில் டீ மேக்கராக, அதாவது பச்சை இலையைத் தூளாக்கும் வேலையில் பக்குவம் பார்ப்பவனாக, இருந்து ஓய்வுபெற்றவன் நான். என் அம்மா கொழுந்து பறித்தவர். அந்த அன்பர் குடித்தது என்ன என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

பெரும்பாலான கடைகளில் நடப்பது இதுதான். காலையில் துணிப்பையில் டஸ்ட் தூளைக் கொட்டிக் கொதிநீரை ஊற்றுகிறார்கள். அந்தத் தூளை எடுத்துப் போடுவதில்லை. சாயம் இறங்குவது குறையக் குறைய அதன் மேலேயே இன்னும் இரண்டு கரண்டி போடுகிறார்கள். டிகாஷன் பாய்லரின் சூட்டிலேயே மணிக்கணக்கில் நிற்கிறது. தேயிலையில் உள்ள மணம் முதல் சில நிமிடங்களில் வந்துவிடும். அதற்குமேல் கொதித்தால் அது பறந்துபோய் துவர்ப்பும் கசப்பும்தான் மிஞ்சும். அந்தக் கசப்பை மறைக்கப் பாலைக் காய்ச்சிக் காய்ச்சிக் கெட்டியாக்கி, சர்க்கரையை அள்ளிப் போடுகிறார்கள். வெறும் வயிற்றில் அதைக் குடித்தால் நெஞ்சு எரியத்தான் செய்யும். டீ மாஸ்டரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு வரும் தூள் அப்படி, அவர் நிற்கும் வேகம் அப்படி.

தூள் ஏன் அப்படி வருகிறது என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

நல்ல தேயிலைக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும் கையால் கிள்ளி எடுக்க வேண்டும். அது தொழிற்சாலைக்கு வந்ததும் வாட்டல் தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு, இரவு முழுக்க வாட வைப்போம். பிறகு உருட்டல். இலை நசுங்கிச் சாறு வெளியே வந்து காற்றில் படும்போது பச்சை நிறம் மாறிச் செம்புக்காசு நிறத்துக்கு வரும். பச்சிலை வாடை போய், பழுத்த ஆப்பிள் போல ஒரு மணம் எழும். அந்த மணம் எழுந்து நிற்கும் நேரத்தில் டிரையரில் போட்டுவிட வேண்டும். கொஞ்சம் முந்தினால் பச்சை வாடை அடிக்கும், பிந்தினால் சாரம் போய்ச் சப்பென்று ஆகிவிடும். இதற்குக் கருவிகள் எவ்வளவோ வந்துவிட்டன. ஆனாலும் கடைசியில் ஒரு மனிதன் ஒரு கை அள்ளி மூக்கருகே வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறான். அந்த மனிதனாக நான் இருந்தேன் என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

டிசம்பர், ஜனவரியில் இங்கே உறைபனி விழும். செடி மெதுவாகத்தான் துளிர்க்கும், வரத்து குறைந்துபோகும். ஆனால் அந்தக் குளிரில் வரும் கொழுந்தின் மணத்தை வேறு எந்த மாதத்துக் கொழுந்தும் தொடாது. அதைப் பொடியாக அரைக்காமல் இலையாகவே உருட்டும் ஆர்த்தடாக்ஸ் முறையில் போட்டு, கண்ணாடி டம்ளரில் வடித்துப் பார்த்தால் இளம் பொன் நிறம். பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். இந்த நாட்டில் விளைவதை இந்த நாட்டுக்காரர்கள் பெரும்பாலோர் வாயில் வைத்ததே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பசுந்தேயிலை வேண்டும். அந்தப் பசுந்தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கேட்டுத்தான் 2023-ல் கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். பறிக்கூலிக்கே விலை காணாதபோது அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் என்ன செய்வார்? ஆள் வைத்துக் கிள்ளாமல் கத்தரி போட்டு வெட்டுகிறார். கத்தரிக்கு மொட்டும் முற்றிய இலையும் ஒன்றுதான். குச்சியும் கரட்டு இலையுமாக மூட்டையில் வருகிறது. அதை எந்த டீ மேக்கர் அரைத்தாலும் சாரம் வராது. நிறமில்லாத அந்தத் தூளுக்கு இடையில் இருக்கும் சில வியாபாரிகள் சாயம் ஏற்றுகிறார்கள். சாயத் தூள் மலிவாகச் சந்தையில் போய் உட்கார்ந்ததும் நல்ல தூளின் விலையும் கீழே இறங்குகிறது. மறுபடி பசுந்தேயிலை விலை விழுகிறது. மறுபடி கத்தரி. உங்கள் டம்ளரில் இருக்கும் கசப்பும் இங்கே விவசாயி வீட்டுக் கஷ்டமும் ஒரே நோய்தான். தேநீரை ஊரே விட்டுவிட்டால் அந்த நோய் தீராது, இன்னும் முற்றும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டம்ளருக்கு இரண்டரை கிராம் தூள் போதும். கிலோவுக்கு 400 டம்ளர் வரும். கிலோ 300 ரூபாய்த் தூளென்றால் டம்ளருக்கு 75 காசு. 600 ரூபாய்த் தூளென்றால் ஒன்றரை ரூபாய். கடையில் 15 ரூபாய் கொடுத்துக் குடிக்கிறோம். அதில் இலைக்குப் போவது இவ்வளவுதான். கூட ஒரு ரூபாய்கூட ஆகாத இடத்தில் நாம் மலிவு பார்க்கிறோம்.

வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த பழக்கம் என்றும் அன்பர் எழுதியிருந்தார். உண்மைதான். 1903-ல் தேயிலைக்குத் தீர்வை போட்டு, அந்தப் பணத்தில்தான் விளம்பரம் செய்தார்கள். பிறகு ஊர் ஊராக டீ போட்டுக் கொடுத்தும் பழக்கினார்கள். ஆனால் காட்டை அழித்து, அட்டை கடித்த காலோடு மலையில் செடி வைத்தவர்கள் நம் சனங்கள். நாங்கள் இலங்கையில் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவர்கள். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தால் கப்பலேறி வந்தோம். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் இங்கே அரசு தேயிலைத் தோட்டமே போட்டது. அங்கேயும் அம்மா கூடை சுமந்தார், இங்கேயும் சுமந்தார். காலையில் இருட்டோடு எழுந்து பெரிய கேத்தலில் தேத்தண்ணி ஊற்றுவார். பால் வாங்க வசதி கிடையாது. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டே வெறுந்தேத்தண்ணி குடிப்போம். பனியில் விறைத்த விரல்களை அந்தக் கோப்பையில் வைத்துச் சூடேற்றிக்கொண்டுதான் அம்மா மலைக்குப் போவார். எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்ட இலையை விஷம் என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது.

அன்பர் சொன்னதில் ஒன்றை முழுமனதோடு ஒத்துக்கொள்கிறேன். சாப்பாட்டோடு தேநீர் ஆகாது. உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராமல் அது தடுக்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. ரத்தசோகை உள்ள பெண்களும் கர்ப்பிணிகளும் இதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு டீயில் பன்னைத் தொட்டுக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புவதை நான் எப்போதுமே எதிர்ப்பவன்.

வீட்டில் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுத் தூளைப் போடுங்கள். மூடி வையுங்கள். நாலைந்து நிமிடத்தில் வடித்துவிடுங்கள். பால் வேண்டுமென்றால் தனியாகக் காய்ச்சிக் கடைசியில் சேருங்கள். வடித்த தூளை இன்னொரு தரம் கொதிக்க வைக்காதீர்கள். உதிரியாக வாங்கும் தூளில் சந்தேகம் இருந்தால் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். நல்ல தூளில் நிறம் மெதுவாகத்தான் இறங்கும். போட்ட உடனே சிவப்பாகக் கோடு கோடாக இறங்கினால் அது சாயம். நனைத்த வடிதாளில் தூளைப் பரப்பிக் கொஞ்ச நேரம் கழித்துக் கழுவிப் பார்த்தாலும் தெரியும், தாளில் கறை நிற்கும். உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் கடைக்கு வரும்போது வடையையும் எண்ணெயையும் பார்ப்பதுபோல் தூள் டப்பாவையும் திறந்து இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். பிடிபட்டால் டீக்கடைக்காரரோடு விட்டுவிடாமல் அந்தத் தூள் எங்கே கலக்கப்பட்டது என்று பின்னால் போக வேண்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். தங்கம் விலை, தேங்காய் விலை, முட்டை விலையெல்லாம் எல்லாப் பதிப்பிலும் போடுகிறீர்கள். மாதாமாதம் தேயிலை வாரியம் அறிவிக்கும் பசுந்தேயிலை விலையையும், வாரந்தோறும் குன்னூர் ஏலத்தின் சராசரி விலையையும் நீலகிரிப் பதிப்போடு நிறுத்தாமல் சென்னை, மதுரை, திருச்சிப் பதிப்புகளிலும் இரண்டு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டீ மேக்கர்,
கோத்தகிரி.