சோர்ந்த வாத்துக் குஞ்சுக்கு முதல் மருந்து சூடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் நாலைந்து வாத்துகளை வைத்திருப்போரும், அடைக்கோழியின் அடியில் வாத்து முட்டைகளை வைப்போரும், சிறிய இன்குபேட்டரில் பொரித்துப் பார்ப்போரும் தங்கள் வாசகர்களில் பலர் இருப்பார்கள். பொரித்த குஞ்சுகளில் ஒன்று எழுந்து நிற்க முடியாமல் துவண்டு கிடந்தால் என்ன செய்வது என்று அவர்கள் தேடும்போது கிடைக்கும் குறிப்புகளோ பெரும்பாலும் கோழிக் குஞ்சை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் பாதி வாத்துக்கும் பொருந்தும். பொருந்தாத மறுபாதியால்தான் பிழைத்திருக்க வேண்டிய குஞ்சுகள் மடிகின்றன. நெடுங்காலமாக வாத்து வளர்த்து வருபவன் என்ற முறையில், தங்கள் கால்நடைப் பக்கத்தில் வாத்துக் குஞ்சுகளுக்கென்று தனிக் குறிப்புகள் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

துவண்ட குஞ்சைக் கண்டதும் எவருக்கும் முதலில் தோன்றுவது அதன் வாயில் எதையாவது புகட்ட வேண்டும் என்பதுதான். அந்த எண்ணத்தைச் சற்று அடக்கிக்கொண்டு, முதலில் அதன் காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். விரல்களுக்கு இடையிலுள்ள சவ்வு சில்லென்று இருந்து, கழுத்து தரையோடு நீண்டு, கண் பாதி மூடியிருந்தால், குஞ்சு குளிரில் விறைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் அதன் குடல் வேலை செய்யாது. ஊட்டிய தீவனம் உணவுக்குழாயிலேயே தேங்கிக் கெட்டுப்போகும். பசியைப் பற்றி அப்போது பதற வேண்டியதில்லை. ஓட்டை விட்டு வெளிவருவதற்கு முன்பே எஞ்சிய மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது; அந்தக் கரு ஒன்றிரண்டு நாட்களுக்குக் குஞ்சைத் தாங்கும். சூடு இல்லாமல் குஞ்சால் சில மணி நேரம்கூடத் தாங்க முடியாது.

முதல் வாரத்தில் குஞ்சு இருக்கும் இடத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை சூடு இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு ஏறத்தாழ 3 டிகிரி குறைத்துக்கொண்டே போகலாம். பெட்டி முழுவதையும் சூடாக்காமல் ஒரு பக்கத்தில் மட்டும் விளக்கைக் கட்டினால், நலமான குஞ்சு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். ஆனால் நகர முடியாத குஞ்சு சூடு மிகுந்தாலும் விலகிப் போகாமல் அங்கேயே கிடக்கும் என்பதால், அது படுத்திருக்கும் இடத்தில் நம் புறங்கையை வைத்து அடிக்கடி பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அலகைத் திறந்தபடி மூச்சு வாங்கினால் சூடு அதிகம். இதற்குப் பழைய குண்டு பல்பு வேண்டும். வீட்டில் எரியும் எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமே தவிர, குஞ்சைக் காக்கும் அளவுக்குச் சூடு தராது. மின்சாரம் இல்லாத நேரத்தில் வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைக்கலாம். பல்பு எதுவானாலும் தீவனப் பையோ வைக்கோலோ அதைத் தொடாதவாறு உறுதியாகக் கட்ட வேண்டும். குஞ்சைக் காப்பாற்றப் போய் வீட்டுக்கே தீ வைத்துவிடக் கூடாது.

அடுத்தது தண்ணீர். வாத்தாயிற்றே, நீரில் விட்டால் தெளிந்துவிடும் என்று நினைத்து, தளர்ந்த குஞ்சைத் தொட்டித் தண்ணீரில் மிதக்க விடுவோரைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. தாய் வாத்தின் இறகுகளோடு உராய்ந்து வளரும் குஞ்சின் தூவிக்கு நீர் ஒட்டாத எண்ணெய்ப் பூச்சு கிடைக்கிறது. இன்குபேட்டரிலோ கோழியின் அடியிலோ பொரித்த குஞ்சுக்கு அது கிடைப்பதில்லை. அதன் தூவி நீரை உறிஞ்சிக் கனத்து, உடல் சூட்டை இழந்து, நலமான குஞ்சுகூட விறைத்துப்போகும். நோயுற்ற குஞ்சுக்கு நீச்சல் என்ற பேச்சே வேண்டாம். ஒருவேளை நனைந்துவிட்டால் உடனே துணியால் ஒற்றி எடுத்துச் சூட்டில் வைக்க வேண்டும்.

குடிக்கும் தண்ணீரோ வேறு கதை. கோழிக் குஞ்சுக்கு வைக்கும் மிக ஆழமற்ற தட்டு வாத்துக்குப் போதாது. மூக்குத் துளைகள் நனையும் அளவுக்கு அலகை நீரில் அமிழ்த்திக் கழுவிக்கொள்ள முடியாவிட்டால், தீவனம் காய்ந்து மூக்கை அடைத்துக்கொள்ளும், கண்களிலும் பீளை கட்டும். ஆகவே அலகு மூழ்கும் அளவு நீர் இருக்க வேண்டும், உடல் உள்ளே விழ இடம் இருக்கக் கூடாது. சிறிய கிண்ணத்தில் சுத்தமான கூழாங்கற்களைப் போட்டு வைத்தால் இரண்டும் நிறைவேறும். தீவனம் வைக்கும் போதெல்லாம் பக்கத்தில் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும். உலர்ந்த தூளை விழுங்கி, நனைக்க நீரின்றித் தொண்டை அடைத்துச் சாகும் குஞ்சுகள் உண்டு.

தானாகக் குடிக்க முடியாத குஞ்சுக்கு ஊசியில்லாத சிரிஞ்சால் நீரைப் பீய்ச்சுவது ஆபத்தானது. மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே திறந்திருப்பதால், பீய்ச்சிய நீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். குஞ்சைத் துணியில் சுற்றி நிமிர்த்திப் பிடித்து, வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டை அலகின் ஓரத்தில் மட்டும் வைக்க வேண்டும். நீர் அலகின் விளிம்பில் படர்ந்து உள்ளே இறங்கும். அலகு படபடவென்று அசையும். தொண்டை ஒரு முறை ஏறி இறங்கும். அதைக் கண்ணால் கண்ட பிறகே அடுத்த சொட்டு. அந்த நீரில் சிறிது குளுக்கோஸ் கலந்து முதல் சில மணி நேரம் கொடுக்கலாம். நாள்கணக்கில் கொடுப்பது வயிற்றுப்போக்கில் கொண்டுவிடும். பாலும் ரொட்டியும் கூடவே கூடாது.

கால்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். ஏனெனில் இரு வேறு கோளாறுகளை ஒன்றெனக் கருதிப் பலர் காலம் கடத்துகிறார்கள். பொரித்த ஓரிரு நாட்களிலேயே கால்கள் இரண்டு பக்கமும் அகன்று சறுக்கினால், பெரும்பாலும் தரை வழுக்குவதே காரணம். செய்தித்தாளும் பிளாஸ்டிக் தட்டும் பிஞ்சுக் கால்களுக்குப் பிடிப்புத் தருவதில்லை. சொரசொரப்பான துணியையோ ரப்பர் விரிப்பையோ போட வேண்டும். இரு கால்களையும் இயல்பான இடைவெளியில் வைத்து மென்மையான ஒட்டுநாடாவால் தளர்வாக இணைத்து, தினமும் பிரித்துப் பார்த்துக் கட்டிவந்தால், தொடக்கத்திலேயே கண்டுகொள்ளப்பட்ட குஞ்சு பெரும்பாலும் சில நாட்களில் நிமிர்ந்து நடக்கும்.

மற்றொன்று, நன்றாக நடந்துகொண்டிருந்த குஞ்சு நாட்கள் செல்லச் செல்லக் கணுக்கால் மூட்டு வீங்கி, கால் வில்லாக வளைந்து, அடிக்கடி உட்கார்ந்துவிடுவது. இது நியாசின் என்னும் வைட்டமின் குறைவின் அறிகுறி. டிரிப்டோஃபான் என்ற புரதக் கூறிலிருந்து நியாசினைத் தயாரிக்கும் திறன் வாத்துக்குக் கோழியைவிடக் குறைவு. ஆகவே கறிக்கோழிக் குஞ்சின் தீவனத்தில் கிலோவுக்கு 35 மில்லிகிராம் நியாசின் போதுமென்றால், பீக்கின் என்னும் வெள்ளை வாத்து இனத்தின் குஞ்சுக்கு 55 மில்லிகிராம் பரிந்துரைக்கப்படுகிறது. கோழித் தீவனத்தை மட்டுமே தின்று வளரும் வாத்துக் குஞ்சு வயிறு நிறையத் தின்றும் நொண்டியாவது இதனால்தான். கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் புரூவர்ஸ் ஈஸ்ட் என்னும் நியாசின் நிறைந்த ஈஸ்ட் தூளையோ நியாசினையோ சேர்த்தால் சரியாகும். எலும்பு வளைந்தே இறுகிவிட்டால் பிறகு எதைக் கொடுத்தும் பயனில்லை. மருந்து கலந்த கோழித் தீவனம் வாத்துக்கு ஆகுமா என்பதையும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

முட்டை ஓட்டில் துளையிட்ட பின் வெளியே வர வாத்துக் குஞ்சு ஒரு நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்வது இயல்பு. அந்த நேரத்தில்தான் ஓட்டின் உட்சவ்விலுள்ள ரத்தம் வற்றி, மஞ்சள் கரு உள்ளே போகிறது. பொறுமையிழந்து ஓட்டை உரித்துவிட்டால் ரத்தம் கசியும், தொப்புள் மூடாத குஞ்சு கையில் வந்து விழும். அப்படி மஞ்சள் கரு சிறிது வெளியே தெரிந்தால் இழுக்கவோ அறுக்கவோ கூடாது. புண்ணுக்குத் தடவும் கிருமிநாசினியான போவிடோன் அயோடினை நீர்த்துத் தடவி, மற்ற குஞ்சுகள் கொத்தாதபடி சுத்தமான ஈரத் துணியில் தனியே வைக்க வேண்டும். வயிறு உப்பி, தொப்புள் சிவந்து, நாற்றம் வந்தால் அது கிருமித் தொற்று. வீட்டு வைத்தியம் அங்கே முடிந்துவிடுகிறது.

பூசணம் பிடித்த தீவனத்தை வாத்துக் குஞ்சுக்குப் போடுவது நஞ்சு வைப்பதற்குச் சமம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, கெட்டுப்போன நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூசணம் உண்டாக்கிய அஃப்ளடாக்சின் நஞ்சே காரணம் என்று கண்டறியப்பட்டது. அந்த நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்க ஆய்வாளர்கள் ஒரு நாள் வயதான வாத்துக் குஞ்சுகளையே பயன்படுத்தினார்கள். அவ்வளவு சிறு அளவுக்கே அவற்றின் ஈரல் கெட்டுவிடுகிறது. பூசணம் ஏறிய வைக்கோலும் மூச்சுத் திணறலை உண்டாக்கும்.

பலவீனமான குஞ்சை மற்றவை மிதித்துவிடும் என்று தனியே பிரிப்பது சரிதான். ஆனால் முற்றிலும் தனிமையில் விட்டால் அது ஓயாமல் கத்தியே இருக்கிற சிறு தெம்பையும் இழந்துவிடும். நடுவே வலைத் தடுப்பு வைத்து, உடன்பிறந்தவற்றின் முகமும் குரலும் அதற்கு எட்டும்படி செய்வதே நல்லது. துணைக்கு வேறு குஞ்சே இல்லையென்றால் சிறு கண்ணாடி ஒன்றை அருகில் வைப்பதும் ஓரளவு அமைதி தரும்.

இவற்றையெல்லாம் செய்தும், தலை பின்னோக்கி வளைந்து கால்கள் வெட்டி இழுக்க, நலமாயிருந்த குஞ்சுகள் அடுத்தடுத்து விழத் தொடங்கினால், வைரஸால் வரும் ஈரல் அழற்சியாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக் உதவாது, ஒரு மணி நேரத் தாமதமும் கூடாது. மருத்துவரிடம் போகும்போது பொரித்த நாள், கொடுத்த தீவனத்தின் பை, பெட்டியின் வெப்பநிலை, இறந்த குஞ்சு இருந்தால் அதுவும் உடன் இருக்க வேண்டும். குஞ்சைத் தொட்ட ஒவ்வொரு முறையும் கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். சால்மோனெல்லா கிருமி சிறு பிள்ளைகளை எளிதில் பற்றும்.

தங்கள் கால்நடைப் பக்கத்தின் கேள்வி பதில் பகுதியில், கோழிக் குஞ்சுக்குச் சொல்லப்படும் ஒவ்வொரு பரிந்துரையும் வாத்துக்குப் பொருந்துமா பொருந்தாதா என்று ஒரு வரியாவது சேர்த்து வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாத்து வளர்க்கும் வாசகர்