படத்தில் ஒரு அம்புக்குறி

ஆசிரியருக்கு வணக்கம்.

தேர்வு நேரத்து மாதிரி வினா விடைகளில் கரையோர மணல் நகர்வுக்கு, 'அலைகள் மணலை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குக் கொண்டு செல்வது' என்று ஒரே வரியில் விடை தருகிறார்கள். அது எப்படி நடக்கிறது என்று எழுதினால்தானே நெடுவினாவுக்கு மதிப்பெண் வரும்?

சென்னைக் கரையை வைத்துப் படம் போடலாம். நேர்க்கோடு ஒன்று, இடப்புறம் நிலம், வலப்புறம் கடல், மேலே வடக்கு. ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மணலைக் கரைமேல் தள்ளுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று என்ற பெயரைப் பார்த்து அலையையும் தென்மேற்கிலிருந்து வரைந்துவிடக் கூடாது. அந்தப் பக்கம் இருப்பது நிலம். ஏறிய நீர் திரும்பும்போது புவியீர்ப்பால் சரிவில் நேராக இறங்கும், அதாவது படத்தில் கிழக்கு நோக்கி. மாணவர்கள் தவறுவது இங்கேதான். திரும்பும் அம்பையும் வந்த சாய்விலேயே போட்டுவிடுகிறார்கள். அப்படியானால் மணல் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும், நகர்வே இருக்காது. அடுத்த அலையின் அம்பு, மணல் இறங்கிய புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும். இப்படி மூன்று முறை வரைந்தால் மணல் வடக்கே போவது கண்ணுக்குத் தெரியும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மணல் தெற்கே திரும்பும். ஆனாலும் ஆண்டுக் கணக்கில் நிகர நகர்வு வடக்கு நோக்கியே.

இனி அந்தக் கோட்டின் குறுக்கே துறைமுகச் சுவரை வரையட்டும். சென்னைத் துறைமுகப் பணி 1870களில் தொடங்கியது. சுவருக்குத் தெற்கே மணல் தேங்கி மெரினா அகலமானது. வடக்கே அலையின் வேலை நிற்கவில்லை, வரவேண்டிய மணல்தான் நின்றது. அதனால் ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது. 'துறைமுகத்தால் அரிப்பு' என்று மட்டும் எழுதுவது பாதி விடை. மணல் வரவு குறைந்து செலவு தொடர்வதே காரணம் என்று எழுத வேண்டும். கற்களைக் கொட்டித் தடுத்த இடத்தில் அரிப்பு நின்றாலும், அடுத்த ஊரில் தொடங்குவது இதனால்தான். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவுக்கும் இதே விதி: ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் குறையும்.

பயிற்சிக்குப் புதுச்சேரியை எடுத்துக்கொள்ளலாம். அங்கே 1980களில் கட்டிய துறைமுகச் சுவர்களுக்கு வடக்கே நகரக் கடற்கரையின் மணல் போயிற்று. பெயர்களை மறைத்துப் படத்தை மட்டும் கொடுத்து, எந்தப் பக்கம் அரிக்கும், ஏன் என்று கேளுங்கள். தங்கள் நாளிதழின் தேர்வுப் பக்கத்தில் இத்தகைய வினாக்களும் வர வேண்டும்.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர்,
திருவொற்றியூர்.