வலப்பக்கம்

அன்பின் மச்சான்,

மூன்று மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. குற்றம் என்மேல்தான், சாட்டுச் சொல்ல வரவில்லை. நேற்றிரவு தங்கச்சி போனில் சொன்ன பிறகு நித்திரை பிடிக்கவில்லை, அதுதான் விடியச் சாமத்தில் எழுதுகிறேன். மகளின் பரீட்சை, பெரியம்மாவின் கண், வேலிக்காணிப் பிரச்சினை எல்லாம் பிறகு.

நாலு கிழமையாகச் சளியோடு இரத்தம் வருகிறது. நீ அதை வாழையடியில் துப்பி, காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்திருக்கிறாய். அந்தக் காலத்து மாங்கொட்டை வேலையேதான். கொட்டையாவது முளைத்துக் காட்டிக் கொடுத்தது. இது அப்படிச் சொல்லிக்கொண்டு வராது, மச்சான்.

“சூடு பிடிச்சிட்டு” என்று இளநீர் குடித்தாயாம். இளநீரைக் குடி, நல்லது. ஆனால் உடற்சூட்டினால் நெஞ்சிலிருந்து இரத்தம் வருவதில்லை. இருபது வருடத்துக்கு முன் வந்த காசநோய் ஆறு மாதக் குளிசையோடு மாறியது. கிருமி போனது, தழும்பு போகவில்லை. தழும்பு இழுத்ததில் அந்த இடத்து மூச்சுக்குழாய்கள் அகன்று தொய்ந்துவிட்டன. ரிப்போட்டில் ‘பிரொங்கியெக்டாசிஸ்’ என்று போட்டிருப்பது அதைத்தான். அகன்ற குழாயில் சளி தேங்கும். தேங்கினால் கிருமி பெருகும். பெருகினால் குழாய்ச் சுவர் புண்ணாகும். ஆறாத புண்ணைச் சுற்றி நாடிகள் தடித்து, முறுக்கி வளரும். நுரையீரலுக்கு இரண்டு இரத்த ஓட்டம் இருக்கிறது. ஒட்சிசன் ஏற்றப் போகும் ஓட்டத்தில் அழுத்தம் 25 அளவில்தான். ஆனால் மூச்சுக்குழாய்க்கு வரும் நாடிகள் பெருநாடியிலிருந்து பிரிபவை. கையில் பிரஷர் பார்க்கும்போது காட்டும் 120தான் அங்கேயும். கனக்க இரத்தம் வந்தால் பத்தில் ஒன்பது தடவை இந்த நாடிகளிலிருந்துதான் வரும். ஒரு இருமலோடு நிற்பதும், ஒரேயடியாகப் பாய்வதும் இந்த ஒரே இடத்தில்தான்.

ஆகவே மண்ணில் துப்புவதை இன்றோடு விடு. மூடியுள்ள வெள்ளைக் கோப்பை ஒன்று எடு. விடிய எழும்பியதும் முதலில் வாயை நன்றாகக் கொப்பளி, பிறகு இருமி அதற்குள் துப்பு. சளியில் நூல் மாதிரி ஒரு கீறா, முழுச் சளியும் சிவப்பா, சளியே இல்லாமல் தனி இரத்தமா, நுரையோடு பளிச்சென்று சிவப்பா, கபிலமா என்று பார். கபிலம் பழைய இரத்தம். நின்ற பிறகும் சில நாள் அப்படி வரும், அதற்குப் பயப்படாதே. கறுப்பாக, கோப்பித்தூள் மாதிரி, சோற்றோடு வாந்தியாக வந்தால் அது வயிற்றிலிருந்து வருவது, வேறு வருத்தம். கொப்பியில் திகதி, நேரம், அளவு, நிறம் நாலையும் எழுது. அளவைக் கரண்டியால் சொல்: ஒரு தேக்கரண்டி 5 மில்லிலீற்றர். “கொஞ்சம்” என்று நீ டொக்டரிடம் சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது.

அடுத்தது வெற்றிலை. கோபிக்காதே, இதை விடமாட்டேன். வாயில் பாக்கும் சுண்ணாம்பும் கிடக்கும்வரை எது சாயம், எது இரத்தம் என்று எவராலும் சொல்ல முடியாது. தங்கச்சி இத்தனை நாளும் கண்டுபிடிக்காமல் போனதற்கு அந்த வெற்றிலைப் பெட்டிதான் காரணம். இரத்தம் வரும் நாட்களிலாவது பெட்டியை அவளிடம் கொடுத்துவிடு.

24 மணித்தியாலத்தில் இரண்டு தேக்கரண்டிக்குள், காய்ச்சலோ இளைப்போ இல்லை என்றால் அடுத்த நாள் கிளினிக்குக்குப் போகலாம். சளி கூடி, மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறியிருந்தால் பெரும்பாலும் கிருமிதான் அதைக் கிளப்பியிருக்கும். சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு அன்ரிபயோட்டிக் தொடங்குவார்கள்; இந்த வருத்தத்துக்கு அது அநேகமாக 14 நாள். ஐந்தாம் நாள் சுகம் என்று நிறுத்திவிடாதே, உன்னை எனக்குத் தெரியும். இரண்டு கரண்டிக்கு மேல் போனாலும், சளியில்லாமல் தனி இரத்தம் வந்தாலும், மூச்சு இளைத்தாலும், தலை சுற்றினாலும் அடுத்த நாளைக்கு வைக்காதே. 1990க்கு அடி. சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு கட்டத் தேவையில்லை. ஓட்டோவில் ஏறி மண்முனைப் பாலம் தாண்டி வர நினைக்காதே. ஓட்டோவில் ஒட்சிசனும் இல்லை, சரிந்து படுக்க இடமும் இல்லை.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விசயம். இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

இரத்தம் இழந்து போவதைவிட, இரத்தம் மூச்சுக்குழாயை அடைப்பதுதான் உயிரை எடுக்கும். வாயிலிருந்து நுரையீரலுக்குள் காற்றுப் போகும் குழாய்கள் எல்லாம் சேர்ந்து கொள்வதே 150 மில்லிலீற்றர் அளவுதான். தேத்தண்ணிக் கடையின் சின்னக் கிளாஸ் ஒன்று என்று வைத்துக்கொள். அதனால் இரத்தம் பாயும் நேரத்தில் நல்ல நுரையீரலைக் காப்பாற்ற வேண்டும். எந்தப் பக்கம் கசிகிறதோ அந்தப் பக்கம் கீழே இருக்கப் படுக்க வேண்டும். உன் ஸ்கேனில் வலப்பக்க மேற்பகுதி என்று போட்டிருக்கிறது. ஆகவே நீ வலப்பக்கம் சரிந்து படுக்க வேண்டும், வலது தோள் பாயில். இடப்பக்கம் சரிந்தால் இரத்தம் வழிந்து நல்ல நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மல்லாந்து படுக்கவே கூடாது. வீட்டில் எல்லாரும் பயத்தில் உன்னை மல்லாக்கக் கிடத்தி விசிறத்தான் பார்ப்பார்கள், தண்ணீர் பருக்கத்தான் பார்ப்பார்கள். இரண்டும் வேண்டாம். வருவதை விழுங்காமல், அடக்காமல், வெளியே துப்பு. இருமலை அமத்தும் பாணியும் நித்திரைக் குளிசையும் அன்றைக்குத் தொடக்கூடாது. இருமல்தான் அந்த நேரம் குழாயைத் திறந்து வைக்கிறது.

அந்த நேரம் உன்னால் கதைக்க முடியாமல் போகலாம். அதனால் இதை நீ தெரிந்து வைத்தால் போதாது, மச்சான். தங்கச்சிக்கும் மகளுக்கும் தெரிய வேண்டும். ஸ்கேன் ரிப்போட், குடிக்கும் குளிசைகளின் பெயர், இரத்த வகை மூன்றையும் ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கவிடு. பைக்கு வெளியே பெரிய எழுத்தில் ‘வலப்பக்கம்’ என்று எழுது. அம்புலன்சில் வருபவர்களுக்கும் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.

முழங்கால் நோவுக்குப் பார்மசியில் வாங்கிப் போடுகிறாயே டைக்குளோபெனாக், அதை நிறுத்து. அது இரத்தம் உறைவதைக் கெடுக்கும், பரசிற்றமோல் போதும். அஸ்பிரின் வேறு கதை. அது இருதயத்துக்குத் தந்தது, நீயாக நிறுத்தாதே, அதே நாளில் டொக்டரிடம் கேள். ட்ரனெக்சாமிக் அமிலம் என்று 500 மில்லிகிராம் குளிசை தரக்கூடும். அது உறைந்த இரத்தத்தைக் கரையவிடாமல் பிடிக்கும், அவ்வளவுதான், புண்ணை ஆற்றாது. சில நாளைக்கு மட்டும் தருவார்கள். காலில் இரத்தக்கட்டி வந்தவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் யோசித்துத்தான் கொடுப்பார்கள், ஆகவே பக்கத்து வீட்டாரின் மிச்சக் குளிசையை வாங்கிப் போடாதே.

மட்டக்களப்பு மார்பு நோய்க் கிளினிக்கில் சளியை மறுபடி காசநோய்க்குப் பார்ப்பார்கள். பழைய வருத்தம் திரும்பிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை, பார்க்காமல் விடக்கூடாது என்பதுதான். பழைய காசநோய்க் குழியில் பூஞ்சணம் உருண்டை பிடித்து வளர்ந்தாலும் இரத்தம் வரும்; அது எக்ஸ்றேயிலேயே சில வேளை தெரியும். இன்னொன்றை நீயே கேட்க வேண்டும், ஏனென்றால் உனக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது, வயலுக்குள்ளும் இறங்குகிறாய். மெலியோய்டோசிஸ் என்று ஒரு வருத்தம். சேற்றிலும் தண்ணீரிலும் வாழும் கிருமி, நம் மட்டக்களப்பு மண்ணிலும் இருக்கிறது. காய்ச்சல், மெலிவு, இருமல், எக்ஸ்றே எல்லாம் அச்சொட்டாகக் காசநோய் மாதிரியே காட்டும், ஆனால் காசநோய்க் குளிசைக்கு மாறாது. காய்ச்சலும் சேர்ந்து வந்தால் “நான் வயலில் வேலை செய்கிறவன், சீனியும் இருக்கு” என்று இரண்டையும் சேர்த்துச் சொல். இரத்தம் எடுத்து வளர்த்துப் பார்க்க அவர்களுக்கு அந்த ஒரு வரி போதும்.

கனக்க வந்து நிற்காவிட்டால் எம்போலைசேஷன் செய்வார்கள். தொடை நாடியால் மெல்லிய குழாயை விட்டு, கசியும் நாடியைத் தேடிப் பிடித்து, நுண்ணிய துணிக்கைகளால் அடைப்பது. நெஞ்சைத் திறப்பதில்லை. எல்லா ஆஸ்பத்திரியிலும் செய்வதில்லை, கொழும்புப் பக்கம் அனுப்பலாம். பெரும்பாலும் உடனே நிற்கும், ஆனால் புண் இருக்கும்வரை புது நாடி வளர்ந்து மாதங்கள், வருடங்கள் கழித்துத் திரும்ப வரலாம், திரும்பவும் செய்யலாம்.

சளி வெளியேற்றும் பயிற்சியை இரத்தம் கண்ட நாளிலிருந்து விட்டுவிட்டாய் என்று தங்கச்சி சொன்னாள். அதுதான் எனக்கு ஆகப் பெரிய கவலை. கீறு மாதிரி வரும்போது நிறுத்தாதே. நிறுத்தினால் சளி தேங்கும், மறுகா கிருமி, மறுகா இரத்தம். முதுகில் தட்டுவதும் தலையைத் தாழ்த்திப் படுப்பதும் மட்டும் அந்த நாட்களில் வேண்டாம். கதிரையில் நிமிர்ந்து இரு. கொஞ்ச நேரம் சும்மா மூச்சு விடு. பிறகு ஆழமாக மூன்று மூச்சு, ஒவ்வொன்றையும் மூன்று செக்கன் பிடித்துவை. பிறகு கண்ணாடியில் ஆவி பிடிக்க ஊதுவதுபோல வாயைத் திறந்து “ஹா” என்று தள்ளு. இப்படிப் பத்துப் பதினைந்து நிமிடம், காலையும் மாலையும். தனி இரத்தம் வரும் நாளில் மட்டும் அடியோடு விட்டுவிட்டு, நிறம் கபிலத்துக்கு மாறிய பிறகு தொடங்கு.

வயல் வெட்டு நேரம் மெசினுக்குப் பின்னால் தூசிக்குள் நிற்காதே. மூட்டை தூக்குவதை மருமகன் பார்க்கட்டும்.

வருகிற சனிக்கிழமை பின்னேரம் போன் எடுப்பேன். உன்னோடு கதைக்க முதல் மகளிடம் கொடு. “அப்பாவுக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்பேன். யோசிக்காமல் சொல்கிறாளா பார்ப்போம். சொன்னால்தான் வேலிக்காணிக் கதை.

உன் மச்சான்