இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஆன்ட்டிக்கு

நேற்று இரவு எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்துவிட்டது. 2023 மே 24-இல் மாவார் புயல் பசிபிக் கடலில் இருக்கும் எங்கள் குவாம் தீவைக் கடந்து போனதிலிருந்து நாங்கள் பட்ட பாடு உங்களுக்கெல்லாம் தெரியும், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நன்றியை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், நாளானால் சொல்ல விட்டுப்போகும்.

முதலில் ஆன்ட்டிக்கு. இந்தத் தீவில் மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், இந்தத் தீவின் பூர்வகுடியான சமோரோக்காரர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

புயல் போன மறுநாள் டெடெடோ ஊரில் எங்கள் தெருவில் யார் போனிலும் சிக்னல் இல்லை. ஊரில் அம்மா டிவியைப் பார்த்துக்கொண்டு எப்படித் தவிப்பார் என்று நினைத்து நினைத்தே எனக்குக் கை ஓடவில்லை. அப்போதுதான் ஒரு நோட்டுத் தாளும் பென்சிலுமாக ஆன்ட்டி வீடு வீடாக வந்தார். தமுனிங் பக்கம் சிக்னல் கிடைக்கிறதாம், போய்ப் பார்க்கிறேன், வெளியூரில் யாருக்குத் தகவல் சொல்லணுமோ நம்பரை எழுது, சேதியையும் எழுது என்றார். பெட்ரோலுக்கு மணிக்கணக்கில் வரிசையில் நின்ற நாட்கள் அவை. 2002 டிசம்பரில் பொங்சோனா புயல் இங்கே அடித்தபோது கலிபோர்னியாவில் இருந்த அவர் மகனுக்குப் பல நாள் இங்கிருந்து ஒரு தகவலும் போகவில்லையாம், அந்த நாட்களை அவன் இன்னும் மறக்கவில்லை என்றார். நான் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: அம்மா, நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம்.

விழுந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு போய், பதினோரு வீட்டுச் சேதிகளையும் ஒவ்வொன்றாக அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை காரிலேயே உட்கார்ந்திருக்கிறார். வீடு திரும்புவதற்குள் போன் அணைந்துவிடுமோ என்று வந்த பதில்களையெல்லாம் அதே தாளின் பின்பக்கம் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார். அம்மா சொல்லச் சொல்லத் தம்பி ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழை, ஒரு சொல்லும் புரியாமல், ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதிக்கொண்டு வந்து நீட்டினார்.

அதில் இருந்தது இதுதான்: "கடவுளே, இப்பதான் உயிர் வந்துச்சு. சேதி அனுப்பின அந்தம்மா யாரு? அவங்க வீடு எப்படி இருக்கு? கேட்டியா?"

நான் கேட்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று ஆன்ட்டி கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார், அப்புறம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வெளிச் சமையலறையின் தகரக் கூரை முழுக்கப் போயிருந்தது. பின்பக்கம் இருந்த ஈரப்பலா மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. அந்த வெட்டவெளியில்தான் ஃப்ரீசரில் இருந்த இறைச்சியையெல்லாம் கெடுவதற்குள் சுட்டுத் தெரு முழுக்கக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் சாப்பிட்டதும் அதுதான், எங்கிருந்து வந்தது என்று கூட யோசிக்காமல் சாப்பிட்டோம்.

மற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். புயலின் உச்சத்தில் சுமார் 52,000 இணைப்புகளில் ஆயிரம் அளவுக்குத்தான் கரண்ட் மிஞ்சியிருந்தது, அங்கிருந்து கம்பம் கம்பமாக ஏறி எங்கள் தெருவரை கொண்டுவந்த மின்வாரிய ஊழியர்களுக்கு. இரவெல்லாம் தூங்காமல் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லிக்கொண்டே இருந்த வானிலை மையத்துக்காரர்களுக்கு. தண்ணீர் கொடுத்த மேயர் அலுவலகப் பிள்ளைகளுக்கு. கேட்காமலேயே ரம்பத்தோடு வந்து எங்கள் வாசலை அடைத்துக் கிடந்த மரத்தை அறுத்துப் போட்ட பையன்களுக்கு. சமோரோ மொழியில் நன்றி சொல்கிறேன், சி யூஸ் மாஅசெ.

இனாஃபாமாவ்லெக் என்று இவர்கள் ஒரு சொல் சொல்வார்கள், ஒருவருக்கொருவர் நல்லது செய்துகொண்டு வாழ்வது. இத்தனை வருடம் இங்கே இருந்தும் அதைக் காதில்தான் கேட்டிருக்கிறேன். இனி எந்தப் புயல் போனாலும் முதலில் வெளியே இறங்கி, இரண்டு பக்கத்து வீடுகளையும் பார்த்துவிட்டுத்தான் என் வீட்டு ஜன்னலை எண்ணுவேன். தாளும் பென்சிலும் இப்போதே அவசரப் பையில் வைத்துவிட்டேன்.

அம்மா தினமும் போனில் கூரை போட்டாச்சா என்று கேட்கிறார். தகரம் வந்துவிட்டது அம்மா. சனிக்கிழமை போடுகிறோம், ஏணி பிடிக்க நான் போகிறேன்.