சர்ரி கப்பலும் உன் கேபினும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போட்டோ வந்தது. சிட்னி பாலத்துக்கு வடகரையில் புல்தரையில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருக்கிறாய். முகம் வாடியிருக்கிறது. போனில் சொன்னாயே, காற்று வருகிற குழாய் ஒரு மாதமாக ஓடவில்லை, கீழ்த்தளத்தில் மூன்று பேருக்குக் காய்ச்சல், "நான் தேர்ட் ஆபீசர்தானே, கேப்டனிடம் எதற்கு வாயைக் கொடுப்பது" என்று. அது மனசில் கிடந்து உறுத்துகிறது.

உனக்குக் கப்பலில் வேலை கிடைத்ததிலிருந்து நான் படிப்பதெல்லாம் கப்பல் கதைதான். நீ பன் தின்ற அந்த வடகரையில்தான், 1814 ஜூலைக் கடைசியில், சர்ரி கப்பலின் காய்ச்சல்காரர்களை ஊருக்குள் விடாமல் கூடாரம் போட்டுக் கிடத்தினார்கள்.

சர்ரி 1811இல் இங்கிலாந்தின் ஹார்விச்சில் கட்டிய பாய்மரக் கப்பல். சுமார் 443 டன். உன் கப்பல் பக்கத்தில் நிறுத்தினால் நம்ம ஊர்த் தோணி மாதிரிதான் தெரியும். சரக்குக் கப்பல்தான். ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்திய கைதிகளை ஏற்றவும் இங்கிலாந்து அரசு அதை வாடகைக்கு எடுத்தது. அந்த முதல் கைதிப் பயணத்தில் கீழ்த்தளத்தில் 200 ஆண்களை அடைத்திருந்தார்கள். டைஃபஸ் என்கிற தொற்றுக் காய்ச்சல் பிடித்தது. 36 கைதிகள் செத்தார்கள். கேப்டன், அவருக்கு அடுத்த ஆபீசர்களான மேட்டுகள், டாக்டர், காவலுக்கு வந்த சிப்பாய்கள் என்று அது யாரையும் விடவில்லை. கரை நெருங்கும்போது கப்பலைச் செலுத்த ஆளில்லை. கூடவே இங்கிலாந்திலிருந்து கிளம்பிய பிராக்ஸ்போர்ன்பரி என்ற கப்பல் எதிர்ப்பட்டது. அதிலிருந்து ஒரு மாலுமி, நானே போகிறேன் என்று இந்த நோய்க்கப்பலில் ஏறித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தான். அவன் அம்மா பக்கத்தில் இருந்தால் விட்டிருப்பாளா?

அப்போது சிட்னியில் கவர்னராக இருந்த மக்குவாரி, வில்லியம் ரெட்ஃபெர்ன் என்ற டாக்டரை விசாரித்து எழுதச் சொன்னார். ரெட்ஃபெர்னே கைதியாக வந்தவர், 1797இல் இங்கிலாந்தில் நடந்த நோர் கடற்படைக் கலகத்தில் மாட்டியவர். அவர் எழுதியது எனக்கு எங்கள் காய்ச்சல் வார்டு மாதிரியே இருந்தது: காற்று விடு, துணியைத் துவை, தளத்தைக் கழுவிப் புகை போடு, ஆட்களை மேலே கூட்டி வா. டைஃபஸைப் பரப்புவது சீலைப்பேன் என்று கண்டுபிடித்ததே 1909இல்தான். அது தெரியாமலே மனுஷன் சரியாகச் சொல்லிவிட்டார். வார்டில் புது ஆள் வந்தால் துணியை மூட்டை கட்டி, தையலில் பேன் ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் நிமிண்டிப் பார்ப்போமே, அது ஞாபகம் வந்தது.

முக்கியமாக இன்னொன்று சொன்னார். கப்பல் டாக்டர் கேப்டனுக்கு அடங்கிக் கிடக்கிற ஆளாக இருந்தால் பிரயோஜனமில்லை, கடற்படை டாக்டரை அதிகாரத்தோடு அனுப்புங்கள் என்று. அடுத்த வருஷத்திலிருந்து அப்படியே செய்தார்கள்.

சர்ரி அதோடு முடியவில்லை. அந்தச் சாவிலும் தப்பிய ஒரே ஆபீசர் தாமஸ் ரெய்ன். இருபது, இருபத்தொரு வயசு இருக்கும், உன்னைவிடச் சின்னவன். அவனே கேப்டன் ஆனான். 1820இல் திமிங்கிலம் மோதி எசெக்ஸ் என்ற திமிங்கில வேட்டைக் கப்பல் மூழ்கியதே, அதிலிருந்து பசிபிக் கடலில் ஹெண்டர்சன் தீவில் தங்கிவிட்ட மூன்று பேரை 1821 ஏப்ரலில் மீட்டது ரெய்ன்தான். அவர்கள் இருப்பதாக அவனிடம் சொன்ன தீவில் ஆளே இல்லை. விட்டுவிட்டுப் போகாமல் அடுத்த தீவுக்குப் போய்ப் பார்த்தான். துப்பாக்கிச் சத்தம் கேட்டு மூவரும் காட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தார்கள். மறு வருஷம் மக்குவாரி ஊர் திரும்பியதும் இதே சர்ரியில்தான். அவர் உத்தரவால் வந்த அறிக்கை அவருக்கே உதவியது என்று வைத்துக்கொள்.

மொத்தம் 11 தடவை அது கைதிகளை ஏற்றிப் போனது. 1834இல் போனவர்களில் இங்கிலாந்தில் டோல்பட்டில் என்ற கிராமத்துக் கூலியாட்கள் ஐந்து பேர். கூலியைக் குறைத்ததால் சங்கம் சேர்ந்தார்கள். சேரும்போது ரகசியச் சத்தியம் செய்தது குற்றமாம்.

சரி, உன் விஷயம். குழாய் எந்தத் தேதியில் நின்றது, யாருக்கு எத்தனை டிகிரி, எத்தனை நாளாக, எல்லாவற்றையும் எழுதிக் கேப்டன் கையிலேயே கொடு. நகல் உன்னிடம் இருக்கட்டும். சண்டை வேண்டாம், தாள் போதும். டிகிரி எப்படிப் பார்ப்பது என்று கேட்காதே. பெட்டியின் பக்கப் பையில், ஊறுகாய் டப்பாவுக்குக் கீழே தெர்மாமீட்டர் வைத்தேன். நீ அந்த ஜிப்பை இன்னும் திறக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும்.

அம்மா